தெரிந்தால் மட்டும் போதுமா? தான்சானியாவின் எச்.ஐ.வி., மலேரியா பிரசாரங்கள்

தான்சானியாவின் கிழக்குக் கடலோரத்தில் பாகமோயோ என்றொரு மாவட்டம். 1990களில் அங்கே மலேரியா பற்றி ஆய்வு செய்தவர்கள் ஒரு விநோதமான பழக்கத்தைப் பதிவு செய்தார்கள். பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால் தாய்மார்கள் மாத்திரை கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். அதே காய்ச்சல் முற்றி, வலிப்பு வந்து, கண் செருகிவிட்டால் முதலில் நாட்டு வைத்தியரிடம் ஓடுவார்கள். ஆஸ்பத்திரி மிக அவசியமான நேரத்தில்தான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள்.

காரணம் கேட்டால் அவர்களிடம் தெளிவான பதில் இருந்தது. வலிப்பு வரும் அந்த நிலைக்கு அங்கே டெகெடெகெ என்று பெயர். அதை மலேரியாவின் முற்றிய நிலையாக அவர்கள் பார்க்கவில்லை. ஆவிகளால் வரும் தனி நோய் என்று நம்பினார்கள். அந்த நேரத்தில் ஊசி போட்டால் பிள்ளை செத்துவிடும் என்ற பயமும் பலருக்கு இருந்தது. யோசித்துப் பார்த்தால் இந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் ஊசி போட்ட சிறிது நேரத்தில் இறந்துதான் போவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்?

இப்போது அந்த ஊரில் ஒரு போஸ்டர் ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "கொசுவால் மலேரியா பரவும். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்." அந்தத் தாய் அதைப் படிப்பார், சரிதான் என்று ஒத்துக்கொள்வார். கேள்வித்தாள் கொடுத்தால் முழு மதிப்பெண் வாங்குவார். நாளைக்கே பிள்ளைக்கு வலிப்பு வந்தால் வைத்தியரிடம் போவார். அவரைப் பொறுத்தவரை போஸ்டர் சொல்லும் நோய் வேறு, பிள்ளைக்கு வந்த நோய் வேறு.

சமூக நலவாழ்வுத் தொடர்பாடல் என்று பெரிய பெயரில் அழைக்கப்படும் துறை தொடங்குவது இந்த இடத்தில்தான். மக்களுக்குத் தகவல் சொல்வது அதில் ஒரு சின்னப் பகுதி. ஒரு நோயை மக்கள் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள், என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், வீட்டில் முடிவெடுப்பது மாமியாரா கணவனா, கையில் காசு எந்த மாதத்தில் இருக்கும் என்பதையெல்லாம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யார், எந்த வழியில், எதைச் சொன்னால் எடுபடும் என்பதை அதற்கப்புறம்தான் தீர்மானிக்க முடியும். சொன்னதால் ஏதாவது மாறியதா என்று அளந்து பார்ப்பது கடைசி வேலை. நம்மூரில் "விழிப்புணர்வு" என்றாலே ஊர்வலம், பதாகை, உறுதிமொழி என்று ஆகிவிட்டது. அதில் முதல் வேலையும் கடைசி வேலையும் பெரும்பாலும் காணாமல் போய்விடுகின்றன.

தான்சானியாவை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. எச்.ஐ.வி., மலேரியா இரண்டுமே அந்த நாட்டை ஒரே காலத்தில் வாட்டின. தொடர்பாடலைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்ச் சிக்கல்கள். எச்.ஐ.வி. புதிது, வெட்கத்தோடு சேர்ந்தது, தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உடம்பில் தெரியும். அங்கே பயம் அளவுக்கு மீறி இருந்தது. மலேரியா பாட்டன் காலத்து நோய், வருஷா வருஷம் எல்லோருக்கும் வருவது; அங்கே பயம் போதவில்லை. ஒன்றுக்குச் சரிப்பட்ட பேச்சு மற்றொன்றுக்கு உதவாது.

பயமுறுத்தினால் என்ன ஆகும்

தான்சானியாவில் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் 1983இல் கண்டறியப்பட்டார்கள். விக்டோரியா ஏரிக்கு மேற்கே, உகாண்டா எல்லையை ஒட்டிய ககேரா பகுதி அது. எல்லை தாண்டி வந்த ஒரு துணி ரகத்தின் பெயரை வைத்து, அந்த நோயை அங்கே 'ஜூலியானா' என்று அழைத்தார்கள். வியாபாரம் செய்பவர்கள், அவர்களிடம் துணி வாங்கிய பெண்கள் என்று குற்றவாளிப் பட்டியலும் பெயரோடு சேர்ந்தே வந்தது. மருத்துவத் துறை வாய் திறப்பதற்கு முன்பே ஊர் தனக்கான விளக்கத்தைத் தயார் செய்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உலகம் முழுக்க ஆரம்பகால எய்ட்ஸ் பிரசாரங்கள் பயத்தைத்தான் நம்பின. 1987இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் மரணதேவன் பந்தை உருட்டி ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருப்பான். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் நோயின் மீதான பயம் நோயாளிகளின் மீதான பயமாக மாறிவிட்டது என்ற குற்றச்சாட்டும் கூடவே எழுந்தது. பயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தப்பிக்க வழி காட்டாமல் பயமுறுத்தினால் மனிதன் காதைப் பொத்திக்கொள்வான், இல்லாவிட்டால் கேலி செய்வான். தான்சானிய இளைஞர்கள் எய்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளுக்குச் சுவாஹிலியில் வேறொரு விரிவு கண்டுபிடித்திருந்தார்கள்: "செத்தாலும் சரி, பெண்களை விடமாட்டேன்" என்பதுதான் அதன் சாரம்.

ஒரு லாரி ஓட்டுநரின் கதை

1993இல் தான்சானிய வானொலி வேறொரு வழியைக் கையிலெடுத்தது. சுவாஹிலி மொழியில் வாரம் இரண்டு முறை ஒலிபரப்பான ஒரு தொடர் நாடகம். அதன் முக்கியப் பாத்திரம் ம்குவாஜு என்ற லாரி ஓட்டுநர். குடிப்பான். லாரி நிற்கும் ஊர்களிலெல்லாம் அவனுக்கு ஒரு தொடர்பு உண்டு. வீட்டில் துனு என்ற மனைவி. ஆரம்பத்தில் அவன் சொல்வதுதான் அவளுக்குச் சட்டம். போகப்போகத் தன் காலில் நிற்கப் பழகுகிறாள். ம்குவாஜுவுக்கு எய்ட்ஸ் வருகிறது. கதையில் எங்கேயும் மருத்துவர் வந்து பிரசங்கம் செய்வதில்லை. கேட்பவர்கள் மாதக்கணக்கில் அவனைத் திட்டுகிறார்கள், அவளுக்காகக் கவலைப்படுகிறார்கள், அண்டை வீட்டாரோடு வாதம் செய்கிறார்கள்.

இந்த நாடக முறையை 1970களில் உருவாக்கியவர் மெக்சிகோவின் மிகேல் சபீடோ. இதில் மூன்று வகைப் பாத்திரங்கள் இருக்கும். செய்யக் கூடாததைச் செய்து அதன் பலனை அனுபவிப்பவர் ஒருவர், நல்லபடியாக நடந்துகொள்பவர் ஒருவர், நடுவில் தடுமாறிக்கொண்டே இருந்து மெல்ல மாறுகிறவர் ஒருவர். மூன்றாவது ஆள்தான் முக்கியம் என்பது என் கருத்து. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நடு இடத்தில்தான் இருப்பார்கள். துனு தயங்குவதைக் கேட்டவர்களுக்குத் தங்கள் தயக்கம் புரியும். அவள் ஒரு அடி எடுத்து வைத்தால், "அவளால் முடிந்தது நம்மால் முடியாதா" என்று தோன்றும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 'என்னால் முடியும்' என்ற இந்த நம்பிக்கையைத்தான் தன் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். ஆணுறை நல்லது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருப்பது வேறு, அதைக் கணவனிடம் வாய்விட்டுக் கேட்க முடியும் என்று நம்புவது வேறு.

சரி, இதெல்லாம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? நாடகம் ஓடிய காலத்தில் நாட்டில் வேறு பல மாற்றங்களும் நடந்திருக்கும். ஆணுறை விற்பனை கூடியதற்கு நாடகம்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் தான்சானியா ஒரு நல்ல காரியம் செய்தது. 1993 முதல் 1995 வரை தொடோமா ஒலிபரப்புப் பகுதியில் மட்டும் அந்த நாடகம் ஒலிபரப்பாகவில்லை. அங்கே அந்த நேரத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகள் போயின. இரு பகுதிகளிலும் ஆண்டுதோறும் மக்களிடம் கணக்கெடுத்தார்கள். நாடகம் கேட்ட பகுதிகளில், ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறவு வைத்திருப்பதைக் குறைத்ததாகவும் ஆணுறை பயன்படுத்துவதாகவும் சொன்னவர்கள் அதிகரித்தார்கள். தொடோமாவில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. 1995க்குப் பிறகு தொடோமாவிலும் நாடகம் ஒலித்தது. படுக்கையறை விஷயத்தில் மக்கள் தாங்களாகச் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒப்பிட இன்னொரு பகுதி இருந்ததால் இந்த ஆய்வை உலகம் மதித்தது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. நாடகம் நேரடியாக ஆளை மாற்றியதைவிட, நாடகத்தைப் பற்றிக் கணவன் மனைவியும் நண்பர்களும் பேசிக்கொண்டதுதான் மாற்றத்துக்கு வழி திறந்தது. பக்கத்து நாடான உகாண்டாவிலும் இதே கதைதான். அங்கே 1990களில் எச்.ஐ.வி. பரவல் வெகுவாகக் குறைந்தபோது ஆய்வாளர்கள் கவனித்தது, மக்கள் எய்ட்ஸ் பற்றி வானொலியில் கேட்டதோடு நிற்காமல் உறவினர், நண்பர்கள் வாயாலும் கேட்டிருந்தார்கள் என்பதை. பிலி லுதாயா என்ற புகழ்பெற்ற பாடகர் தனக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளிப்படையாக அறிவித்து, பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசி, 1989 டிசம்பரில் இறந்தார். அவர் முகம் தெரிந்த பிறகு எய்ட்ஸ் யாருக்கோ வரும் நோயாக இருக்கவில்லை.

ஃபதாகியும் புள்ளி ராஜாவும்

2008 வாக்கில் தான்சானிய வானொலியில் குட்டிக் குட்டி விளம்பரங்கள் வரத் தொடங்கின. ஃபதாகி என்றொரு வயதான ஆசாமி. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளுக்குப் பணம், பரிசு, காரில் சவாரி என்று ஆசைகாட்டி வலை வீசுவான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் குறுக்கே வந்து அவன் திட்டத்தைக் கெடுத்துவிடுவார். ஃபதாகி வழிந்துகொண்டு ஓடுவான். சீக்கிரமே, சின்னப் பெண்களின் பின்னால் அலையும் ஆண்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த விளம்பரங்கள் ஃபதாகியிடம் "திருந்து" என்று கேட்கவில்லை. பெண்ணிடம் "கவனமாக இரு" என்று சொல்வதோடும் நிற்கவில்லை. கடைக்காரர், அத்தை, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்று வேடிக்கை பார்ப்பவர்களிடம்தான் பேசின. ஏதோ தப்பாக நடக்கிறது என்று தெரிந்தும் எப்படிக் குறுக்கிடுவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு ஒரு பெயரும் ஒரு வசனமும் கிடைத்தன. பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்ணுக்கு ஃபதாகியின் பணம் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு விளம்பரத்தால் பதில் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

தமிழ்நாட்டில் 2003 வாக்கில் சுவர்களிலும் பலகைகளிலும் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வியைப் பார்த்தவர்களுக்கு இது பரிச்சயமாகத் தோன்றும். மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் 2002இல் தொடங்கிய பிரசாரத்தின் தமிழ் வடிவம் அது. ஊரே பேசியது, அந்த வகையில் வெற்றிதான். ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்பப் படித்தால் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. எய்ட்ஸ் 'அந்த மாதிரி' ஆளுக்கு வரும் என்ற எண்ணத்தை அது மேலும் இறுக்கிவிடுகிறது. கணவனிடமிருந்து தொற்று வாங்கிய மனைவி அந்தக் கேள்வியில் எங்கே இருக்கிறாள்? ஃபதாகியில் ஊருக்கு ஒரு வேலை இருந்தது. புள்ளி ராஜாவில் ஊர் சிரித்ததோடு சரி.

வலை இருந்தும் வெளியே படுப்பவர்கள்

மலேரியாவுக்கு வருவோம். தென்கிழக்குத் தான்சானியாவின் கிலோம்பெரோ, உலாங்கா மாவட்டங்களில் 1990களின் பிற்பாதியில், பூச்சிக்கொல்லி மருந்தில் நனைத்த கொசுவலைகளைப் பரப்பும் திட்டம் ஒன்று நடந்தது. இலவசமாகக் கொடுக்காமல், குறைந்த விலையில் கடைகள் வழியாக விற்றார்கள். 'ஸுயியா ம்பு' என்பது சரக்கின் பெயர். கொசுவைத் தடு என்று பொருள். விற்பனைக்கு முன்பே மக்களிடம் போய் என்ன நிறம் பிடிக்கும், என்ன பெயர் வைக்கலாம் என்று விசாரித்தார்கள். கரும்பச்சை வலைகள் அப்படித்தான் வந்தன. விறகடுப்புப் புகையும் செம்மண்ணும் உள்ள வீட்டில் வெள்ளை வலை எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? நோயைப் பற்றிப் பேசியதைவிட, இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான் பல இடங்களில் வலையை விற்றுக்கொடுக்கிறது. மலேரியாவுக்குப் பயப்படாதவர்கூடக் கொசுவின் ரீங்காரத்தை வெறுப்பார். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில், மருந்திட்ட வலை பயன்படுத்தியபோது ஒரு மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியிருந்தது.

2004இல் நாடு தழுவிய கூப்பன் திட்டம் வந்தது. கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும்போது ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதைக் கடையில் காட்டினால் வலை தள்ளுபடி விலையில் கிடைக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையும் அதே கர்ப்பகால மருத்துவ மையத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கு மருத்துவக் காரணமும் உண்டு: எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு மலேரியா வந்தால் பாதிப்பு இன்னும் மோசமாக இருக்கும். ஆனால் தள்ளுபடி போக மீதிக் காசு இல்லாத ஏழைப் பெண்ணுக்குச் சீட்டு வெறும் தாள்தான். பின்னர் இலவச விநியோகமும் பெரிய அளவில் நடந்தது. 2013 முதல் தெற்கு மாகாணங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் வலையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை பெருமையாகத் தூக்கிக்கொண்டு வரும் வலையை எந்த வீடு பெட்டியில் வைத்துப் பூட்டும்?

அப்படியும் சிலர் வலைக்குள் தூங்குவதில்லை. உடனே "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது அதிகாரிகளுக்கு வசதி. நேரில் போய்ப் பார்த்தால் வேறு காரணங்கள் கிடைக்கும். கிலோம்பெரோ பள்ளத்தாக்கில் நெல் விளையும் பருவத்தில் குடும்பங்கள் தூரத்து வயல்களுக்குப் போய்க் குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்கும். வலை ஊர்வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். துக்க வீட்டில் இரவு முழுக்க முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யார் வலை கட்டுவது? ஐந்து பேருக்கு இரண்டு வலை இருந்தால் யார் வெளியே படுப்பது? ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது இதுதான்: படுக்க இடமுள்ள வலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்துகிறார்கள், சிக்கல் வலை போதாததில்தான். வலையே இல்லாத வீட்டுக்குப் போய் வலையின் மகிமையைச் சொல்வது அவமானப்படுத்துவதற்குச் சமம். ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை மலேரியாத் தடுப்பு முயற்சிகளால் தவிர்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 66 கோடி என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம் வலையின் பங்கு என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வலை கையில் இருக்கும் இடத்தில் சின்ன நினைவூட்டலே போதும். செனகலிலும் கேமரூனிலும் இரவு ஒன்பது மணிக்குப் பிரபலங்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்து, "மணி ஒன்பது. நீங்களும் குடும்பமும் வலைக்குள் போய்விட்டீர்களா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் செய்தி.

வரிசையில் நிற்க வெட்கம்

ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் சிகிச்சை, செய்தால், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறையும் என்று ஆய்வுகளில் தெரிந்து, 2007இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஆணுறைக்கு இது மாற்று இல்லை, கூடுதல் பாதுகாப்பு. தான்சானியாவின் இரிங்கா பகுதியில் தொற்று அதிகம், இந்தப் பழக்கம் குறைவு. முகாம் போட்டார்கள், பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், வயது வந்த ஆண்கள் வரவில்லை. பலன் என்னவென்று அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வெட்கம், அதுதான் காரணங்களில் ஒன்று. பெரியவர்களுக்குத் தனி இடமும் நேரமும் வேண்டும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. குளிர்காலத்தில் புண் சீக்கிரம் ஆறும் என்று மக்கள் நம்பியதால், அதோடு சண்டை போடாமல், ஜூன் முதல் ஆகஸ்டு வரையான குளிர் மாதங்களில் முகாம்களைப் பெரிதாக நடத்தினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு: சொன்ன செய்தி பழையதாகிவிடும். "எய்ட்ஸ் கொல்லும்" என்பது 1990இல் உண்மை. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தால், பரிசோதனைக்கு வருவதில் பயன் என்ன என்று மக்கள் நினைப்பார்கள். இன்று, மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்றாது என்பது உறுதியாகிவிட்டது. இருபது ஆண்டுகள் பயமுறுத்திப் பழக்கிய காதுகளுக்கு இதைச் சொல்வது முதன்முறை சொன்னதைவிடக் கடினம்.

மலேரியாவிலும் செய்தி மாறும், கேட்கவேண்டிய ஆளும் மாறுவார். இலங்கையில் 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர் என்ற நிலை வந்தது. கவனம் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டின் முடிவில் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு மறுபடி போராடி, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இப்போது அங்கே வரும் மலேரியா பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் திரும்புகிறவர்களோடு வருவது. ஊர்மக்களிடம் வலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பிரசாரம், இன்று மலேரியா நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் படிப்பை முடித்த இளம் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கிறது. காய்ச்சலோடு வருகிறவரிடம் "அண்மையில் வெளிநாடு எங்காவது போய் வந்தீர்களா?" என்று கேளுங்கள், போனதாகச் சொன்னால் மலேரியாவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்பதுதான் அவருக்கான செய்தி.